சத்துணவோடு பல் மருத்துவமும் வரட்டும்



1982-இல் வந்த சத்துணவும், 2022-இல் தொடங்கிய காலை உணவும் பள்ளிப் பிள்ளைகளின் பசியை ஆற்றிவிட்டன. ஆனால் கடைவாய்ப் பல் சொத்தையான பிள்ளை கொண்டைக்கடலையை மெல்ல முடியாமல் ஒதுக்கிவிடுகிறது. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு வாயைப் பார்த்துச் சீட்டு எழுதுகிறது, அதோடு சரி. புதுக்கோட்டையில் 2023-இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. ஆனால் அதே மாவட்டத்து மணமேல்குடியிலிருந்து அங்கே போய்வர, தாய்க்கு ஒரு நாள் கூலி போகும். அதனால் முகம் வீங்கினால்தான் கிளம்புகிறார்கள். அப்போது பல்லைப் பிடுங்குவதே மிச்சம். மாவட்டத்தில் 13 ஒன்றியங்கள். கல்லூரி மருத்துவர்கள் மாதம் ஓர் ஒன்றியமாகச் சத்துணவுக் கூடங்களுக்கே வந்து சொத்தையை அடைக்கலாமே? சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்க வைக்க எந்த அரசாணையும் வேண்டாம், நாளைக்கே தொடங்கலாம்.

– ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர், அறந்தாங்கி