மழைக்கணக்கை எழுதியவர் மேடையேறக் கூடாதா?

மாத்தளை மாவட்டத்தில் அரச நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவரின் விண்ணப்பம் அண்மையில் திரும்பி வந்திருக்கிறது. ஆய்வுக்கான மென்பொருள் எழுதுவோர் கூடும் வெளிநாட்டு மாநாடொன்றில், தாம் எழுதிய மழைக்கணக்கு நிரலைப் பற்றிப் பேச அவருக்கு இடம் கிடைத்திருந்தது. பயணச் செலவை ஏற்பாட்டாளர்களே ஏற்றிருந்தார்கள். அவர் கேட்டது சில நாள் கடமை விடுமுறை மட்டும். மேலே போன கோப்பு கீழே இறங்கியபோது அதன் ஓரத்தில் ஒரு குறிப்பு இருந்தது: மென்பொருள் தயாரித்தல் ஆய்வு அல்ல, உத்தியோகத்தரின் கடமைப் பட்டியலிலும் அது இல்லை. பெயரையும் நிறுவனத்தையும் எழுதினால் அவருக்கு இடமாற்றம்தான் பரிசாக வரும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

அரச ஊழியர்கள் வெளிநாடு போய்ச் சம்பாதிக்க ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறை தரலாம் என்று 2022 ஜூனில் முடிவெடுத்த நாடு இது. ஐந்து வருடம் நாட்டை விட்டுப் போகலாம்; நாலு நாள் போய்ப் படித்துக்கொண்டு திரும்பி வரக் கூடாது. இந்தப் புத்திசாலித்தனத்தை எந்தப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிறார்கள்?

கோப்பைத் திருப்பியவருக்கு இறத்தோட்டையில் மழை பெய்தால் என்ன நடக்கிறது என்று யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். மாத்தளையின் 11 பிரதேச செயலாளர் பிரிவுகளில் இறத்தோட்டை, உக்குவளை, அம்பன்கங்க கோறளை, லக்கலை-பல்லேகம ஆகியவற்றின் பெயர்கள் மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கையோடு அடிபடும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு மலைநாட்டில் பலருக்கும் பாடம். 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள், 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள், 150ஐத் தாண்டினால் சிவப்பு. சிவப்பு என்றால் வீட்டை விட்டு வெளியேற வேண்டும்.

இந்த எல்லைகளை வகுத்தது ஆய்வு, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு இரவும் எண்களைக் கூட்டி, எல்லையைத் தாண்டியதா என்று பார்க்க ஒரு நிரல் வேண்டும். மலைமேல் நிற்கும் தானியங்கி மழைமானி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு, கொட்டும் மழையில் மின்கலம் நனைந்தோ தொலைபேசிக் கோபுரம் சாய்ந்தோ அது பேசுவதை நிறுத்திவிடுகிறது. அட்டவணையில் அதன் கட்டம் வெறுமையாகிறது. அவசரத்தில் எழுதிய நிரல் அந்த வெறுமையைப் பூச்சியம் என்று எடுத்துக்கொள்ளும். அதுவரை பெய்த 90 மில்லிமீற்றரோடு விடியும்வரை பூச்சியம் பூச்சியமாகக் கூட்டி, மஞ்சளிலேயே நின்றுவிடும். கவனமாக எழுதிய நிரலோ பக்கத்து மானிகளைக் கேட்டுப் பார்க்கும். அவையும் பேசாவிட்டால், தனக்குத் தெரியவில்லை, ஆளை எழுப்புங்கள் என்று கத்தும். இரண்டுக்கும் வித்தியாசம் நாலு வரிதான். அந்த நாலு வரியை நம்பித்தான் மலையடிவாரத்து லயங்களில் பிள்ளைகள் தூங்குகின்றன.

நம் நாட்டு நிரல்கள் இப்படித் தவறின என்று நான் சொல்ல வரவில்லை. தவறுமா என்று பார்த்தவர் யார் என்று கேட்கிறேன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப் போட்ட பிறகும் இதைக் கேட்க வேண்டியிருப்பது வெட்கக்கேடு. வசதியான நாடுகளிலும் இது நடக்கிறது. 2020 செப்டெம்பர் கடைசியில், பழைய எக்செல் கோப்பு வடிவத்தில் அடங்கும் வரிசைகள் தீர்ந்துபோனதால் இங்கிலாந்தில் 15,841 கொரோனாத் தொற்றாளரின் விவரம் நாளாந்தக் கணக்கிலிருந்து நழுவியது. அவர்களோடு பழகியவர்களுக்குத் தகவல் போய்ச் சேரத் தாமதமானது. வைரஸ் பற்றிய அறிவியலில் பிழையில்லை. அட்டவணையில் பிழை.

இப்படிப்பட்ட பிழையைச் சக தொழிலாளர் முன்னால் விரித்துப் போட்டு அலசும் இடங்கள்தான் இந்த மாநாடுகள். ஆய்வு மென்பொருள் பொறியியலாளர்களின் முதல் மாநாடு 2016 செப்டெம்பரில் மான்செஸ்டரில் நடந்தது. இருநூறு பேரளவில் கூடினார்கள். 2019இல் ஜேர்மனியின் பொட்ஸ்டாமிலும் 2023இல் சிக்காகோவிலும் அந்தந்த நாட்டவர் தங்களுக்கென்று ஒன்றைத் தொடங்கினார்கள். வழக்கமான ஆய்வரங்கில் உங்கள் முடிவு என்ன என்று கேட்பார்கள். இங்கே கேட்பது வேறு. தரவு வராத நாளில் உங்கள் நிரல் என்ன செய்கிறது? அதைச் சோதித்துப் பார்த்தீர்களா? நீங்கள் வேலையை விட்டுப் போனால் யார் பார்ப்பார்கள்? வேறு மாவட்டத்தில் இதை ஓட்ட முடியுமா? கோப்பைத் திருப்பியவர் தடுத்தது ஓர் இளைஞரின் வெளிநாட்டுப் பயணத்தை அல்ல, இந்தக் கேள்விகளை.

ஒரு கணக்கெடுப்பை நான் விடாமல் சொல்லிவருவதாக நண்பர்கள் கேலி செய்வார்கள். மறுபடியும் சொல்கிறேன். 2014இல் பிரித்தானியாவின் மென்பொருள் நிலைபேற்று நிறுவனம், அந்நாட்டின் முன்னணிப் பல்கலைக்கழகங்கள் பதினைந்தில் ஆய்வாளர்களைக் கேட்டது. 92 சதவீதத்தினர் ஆய்வு மென்பொருளைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். அது இல்லாவிட்டால் தங்கள் ஆய்வே நடக்காது என்றவர்கள் 69 சதவீதத்தினர். தாங்களே எழுதுகிறோம் என்றவர்கள் 56 சதவீதத்தினர். அந்த 56இல் 21 சதவீதத்தினர் மென்பொருள் எழுத எந்தப் பயிற்சியும் பெறாதவர்கள். நூறு ஆய்வாளரைப் பிடித்தால் பன்னிரண்டு பேரளவில் கற்காமலே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் உலகத்தின் பணக்காரப் பல்கலைக்கழகங்களில். தேசிய உற்பத்தியில் ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ரூபாய் சில்லறையை ஆய்வுக்குச் செலவிடும் நாட்டில், மாத்தளையின் ஏற்றுமதி விவசாய ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பேராதனை வரை ஒரு கணக்கெடுப்பு நடத்தினால் அந்த 21ஐ நாம் அநாயாசமாகத் தாண்டுவோம். கணக்கெடுக்கும் துணிவுதான் நமக்கு இல்லை.

நம்மவருக்குத் திறமை இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. 2004 சுனாமி வந்த சில நாட்களில் லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷனைச் சுற்றியிருந்த தன்னார்வலர்கள் 'சஹானா' என்ற பேரிடர் முகாமைத்துவ மென்பொருளை எழுதினார்கள். திறந்த நிரலாக அதை உலகத்தின் முன் வைத்ததால், 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும் அது போய்ச் சேர்ந்தது. 2006க்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதும் அதற்கே கிடைத்தது. ஒஸ்லோவில் பிறந்த டிஎச்ஐஎஸ்2 என்ற சுகாதாரத் தகவல் மென்பொருளை 2020 ஜனவரியில் கொரோனாக் கண்காணிப்புக்கு முதலில் மாற்றியமைத்தவர்கள் நம் சுகாதாரத் தகவல் துறையினர். அந்த வடிவமைப்பைப் பிறகு பல நாடுகள் எடுத்துக்கொண்டன. மூடி வைத்திருந்தால் இரண்டும் கொழும்பிலேயே புழுத்திருக்கும்.

தம்புள்ளைக்கு வாருங்கள். விசேட பொருளாதார மத்திய நிலையத்தின் மரக்கறி விலையை விவசாயிக்கு எட்டச் செய்ய, இருபதாண்டுகளுக்கு முன் 'கொவி ஞான சேவை' என்ற முயற்சி அங்கே நடந்தது. பின்னர் கைத்தொலைபேசிக்கும் போனது. தம்புள்ளைச் சந்தையை நம்பியிருக்கும் விவசாயிகளை ஆராய்ந்த லேர்ன்ஏசியா நிறுவனம், அவர்களின் மொத்தச் செலவில் ஏறத்தாழ 11 சதவீதம் தகவல் தேடுவதிலேயே போகிறது என்று கண்டது. அந்த 11ஐப் பொருளியலாளர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த விலைகளை ஏற்றி இறக்கிய நிரலை எழுதியவர்கள் யார் என்று கேளுங்கள். பதில் சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார். மாத்தளை முத்துமாரியம்மன் தேர்த்திருவிழாவில் வடம் பிடிப்பவரைப் படம் எடுப்பார்கள். குனிந்து சில்லுக்குக் கட்டை போட்டுத் தேரைத் திருப்புபவர் படத்தில் விழமாட்டார். நம் ஆய்வுலகமும் அப்படித்தான்.

எதிர்ப்பவர்களின் வாதங்கள் எனக்கு மனப்பாடம். நாட்டில் காசில்லை என்பார்கள். காசு கேட்காத விண்ணப்பம்தான் திரும்பியது. கோடிங் செய்ய ஐ.டி. பையன்கள் இருக்கிறார்களே என்பார்கள். பத்தாண்டு மழைத்தரவைச் சுத்தம் செய்வதும் பிரிண்டருக்கு மை மாற்றுவதும் ஒன்றென்று நினைப்பவர்களோடு வாதம் செய்து பயனில்லை. முதலில் ஆய்வுக் கட்டுரை எழுதட்டும் என்பது பேராசிரியர்களின் வாதம். கட்டுரையை எண்ணிப் பதவியுயர்வு வாங்கியவர்களிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்?

செய்ய வேண்டியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அரச ஆராய்ச்சி நிறுவனங்களில் நிரல் எழுதும் வேலைக்கென்று ஒரு பதவியும் பதவியுயர்வுப் படியும் வேண்டும். மாநாட்டில் நிரலைப் பற்றிப் பேசுவதைக் கடமையாக ஏற்றுச் சுற்றறிக்கை வெளியிட வேண்டும். ஆண்டறிக்கையில் விஞ்ஞானியின் பெயருக்குப் பக்கத்தில் நிரல் எழுதியவரின் பெயரும் அச்சாக வேண்டும். இலங்கையின் முதல் ஆய்வு மென்பொருள் மாநாட்டைக் கொழும்பு ஹோட்டலில் நடத்தாமல் மாத்தளை மாவட்டத்தில் மூன்று மொழியிலும் நடத்த வேண்டும். தம்புள்ளை, கண்டலமைப் பக்கம் மண்டபத்துக்குப் பஞ்சமில்லை. முதல் அமர்வு, பேசாத மழைமானியை நிரல் எப்படிக் கையாள வேண்டும் என்பதாக இருக்கட்டும்.

இவை நடந்தால் அடுத்த ஐந்தாண்டில் மண்சரிவுச் சாவு பாதியாகும் என்று அடித்துச் சொல்வேன். நடக்காவிட்டால், டிஜிட்டல் பொருளாதாரத்துக்கென்று தனி அமைச்சு வைத்திருப்பதில் அர்த்தமில்லை. விண்ணப்பத்தைத் திருப்பியவரையே அதற்குச் செயலாளராகப் போட்டுவிடலாம்.