எதுவார் ரோஜாவை எட்வர்ட் ஆக்காதீர்கள்

பழைய வீட்டை இடிக்கும்போது தேக்குக் கதவுக்கு விலை பேசுகிறோம், கருங்கல் தூணுக்கு விலை பேசுகிறோம், ஊஞ்சல் பலகைக்கு அண்ணன் தம்பிக்குள் சண்டையே வருகிறது. கொல்லையில் நிற்கும் ரோஜாச் செடியை மட்டும் யாரும் கேட்பதில்லை. எங்கள் பூர்வீக வீடும் பாகம் பிரிந்து, தை மாதத்துக்குள் கைமாறப் போகிறது. கிணற்றடியில் எங்கள் ஆயா வைத்த ரோஜா இன்னும் பூக்கிறது.

அது என்ன ரோஜா? நர்சரிக்காரர் "பன்னீர் ரோஜா" என்றார். வாசனை இருந்தாலே அவர்களுக்குப் பன்னீர் ரோஜாதான். பேரன் செல்பேசியில் படம் எடுத்துப் பார்த்தான். "தோட்ட ரோஜா" என்று வந்தது. அதைச் சொல்ல ஒரு கருவி எதற்கு? பூக்கடையில் "எட்வர்ட் ரோஜா, இங்கிலீஷ் ராஜா பேரு" என்றார்கள். ஆயாவோ கடைசி வரை "எதுவார் ரோசா" என்றே சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்கு நாக்குப் புரளவில்லை என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள்.

ஆயா சொன்னதுதான் சரி. இந்துமாக்கடலில் அன்று பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த போர்போன் தீவில், இன்றைய ரெயூனியோனில், தோட்டங்களுக்கு ரோஜாவையே வேலியாக வைத்தார்கள். ஒன்று சீன ரோஜா, மற்றொன்று டமாஸ்க் ரோஜா. இரண்டும் கலந்து தானாக முளைத்த ஒரு செடியை 1817 வாக்கில் பிரெயோன் என்ற தாவரவியலாளர் கவனித்தார். அது நின்ற நிலத்துக்காரர் எதுவார் பெரிஷோன். அவர் பெயரால் 'ரோஸ் எதுவார்' ஆனது. 1819-ல் விதைகள் பிரான்சில் நெய்யி அரண்மனைத் தோட்டக்காரர் ழாக்கிடம் போய்ச் சேர்ந்தன. போர்போன் ரோஜா வம்சமே அங்கிருந்துதான் பெருகியது. எட்வர்ட் மன்னர் பிறந்ததே 1841-ல். பிறக்காத ராஜாவின் பெயரைப் பூவுக்கு யார் வைப்பார்கள்?

நம் ஊரிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போனவர்களின் சந்ததி இன்றும் அந்தத் தீவில் இருக்கிறது. பூவின் பெயரை ஆங்கில ராஜாவிடம் கொடுத்துவிட்டால், இந்தப் பழைய உறவும் கூடவே போய்விடும். அதனால்தான் சொல்கிறேன்: செடியை அடையாளம் காண வேண்டுமானால், முதலில் வீட்டுப் பெரியவர்கள் அதை எப்படி அழைத்தார்கள் என்று கேளுங்கள்.

பிறகு செடியைப் பாருங்கள். எதுவார் இளஞ்சிவப்பு, கொத்தாகப் பூக்கும், நம் வெயிலிலும் வருடம் முழுக்க விட்டுவிட்டுப் பூக்கும். இலை வழவழப்பாக இருக்கும். டமாஸ்க் இலையோ மங்கல் பச்சை. அடிப்புறம் பூனை மயிர்போல் மெத்தென்றிருக்கும். தண்டில் சிறிதும் பெரிதுமாக முட்கள் நெருங்கி நிற்கும். நீண்ட காம்பில் ஒற்றைப் பெரிய மொட்டு வந்தால் அது புதுக் கலப்பினம்.

இன்னொரு விஷயம். எதுவார் ரோஜாவை ஒட்டுக்கட்ட அடிச்செடியாகவும் வைப்பதுண்டு. மேலே கட்டிய சீமை ரகம் பட்டுப்போய், அடியிலிருந்து எதுவார் தழைத்து நிற்கும் வீடுகளும் உண்டு. "வாங்கும்போது சிவப்பாக இருந்தது, இப்போது நிறம் மாறிவிட்டது" என்று யாராவது சொன்னால் தண்டின் அடியைப் பாருங்கள். ஒட்டு வீக்கம் தெரியும்.

பூ சந்தையில் கிடைக்கிறதே, செடி எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். கலப்பின ரோஜா ஒரு வாரம் வாடாமல் நிற்கும். பெரும்பாலானவற்றில் மணம் கிடையாது. எதுவார் மதியத்துக்குள் உதிர்ந்துவிடும், ஆனால் உதிர்ந்த இதழ்கூட மணக்கும். ஆயா அதைக் கற்கண்டோடு ஜாடியில் அடுக்கி, வெயிலில் வைத்துக் குல்கந்து செய்வார். அந்தச் சுவை கடைக் குல்கந்தில் இல்லை.

மழை ஓய்ந்த மார்கழியில் பென்சில் பருமனுள்ள முற்றிய குச்சியை ஒரு சாண் நீளம் வெட்டி, நிழலில் மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். நான் பன்னிரண்டு குச்சி வைத்திருக்கிறேன், ஏழு துளிர்த்துவிட்டன. ஒவ்வொரு தொட்டியிலும் 'எதுவார்' என்று பெயின்டால் எழுதி, பங்காளி வீடுகளுக்கு ஆளுக்கொன்று கொடுக்கப் போகிறேன். வீட்டைப் பிரிக்கத்தான் பத்திரம் வேண்டும், செடியைப் பிரிக்க ஒரு கத்தி போதும். உங்கள் வீட்டுக் கொல்லையிலும் பெயர் மறந்த ரோஜா நின்றால், ஆள் வந்து தோண்டுவதற்குள் ஒரு குச்சியாவது வெட்டி வையுங்கள்.