காலேஜ் கேட்டும் லோக்கல் வாசலும்

மும்பையின் ஜூனியர் காலேஜ் முதல்வர்களுக்கு,

டோம்பிவிலி கிழக்கிலிருந்து ஒரு தாய் எழுதுகிறேன். என் மகள் மாட்டுங்கா பக்கம் ஒரு கல்லூரியில் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். எந்தக் கல்லூரி என்று எழுதவில்லை. விசாரித்தவரை பல கல்லூரிகளில் இதே வழக்கம்தான் இருக்கிறது: எட்டு மணிக்கு முதல் லெக்சர், எட்டு அடித்ததும் கேட் மூடப்படும், வெளியே நிற்கிற பிள்ளைக்கு அன்று ஆப்சென்ட். போர்டு கேட்கும் 75 சதவீத வருகை குறைந்தால் பரீட்சை எழுத முடியாது என்ற எச்சரிக்கையும் கூடவே வரும். நீங்கள் மூடுகிற அந்தக் கேட்தான் எங்கள் பிள்ளைகளை லோக்கல் ரயிலின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. என் குறை அதுதான்.

டோம்பிவிலி, மும்பை சி.எஸ்.எம்.டி. நிலையத்திலிருந்து ஏறக்குறைய 48 கிலோமீட்டர். காலை ஏழு மணி வாக்கில் வருகிற பாஸ்ட் லோக்கல்கள் கசாரா, கர்ஜத், பத்லாப்பூர் பக்கமிருந்தே நிரம்பி வருகின்றன. எங்கள் பிளாட்பாரத்தில் நிற்கும்போது உள்ளே போக இடம் இருக்காது, தொற்றிக்கொள்ள மட்டும்தான் இருக்கும். ஸ்லோவில் போகலாமே என்பீர்கள். போகலாம், ஆனால் உங்கள் கேட் மூடிவிடும். பத்தாவது வரை என் மகள் நடந்தே பள்ளிக்குப் போய் வந்தவள். பதினோராம் வகுப்புச் சேர்க்கையின் கட்-ஆஃப் பட்டியல் வந்த வாரத்தில் அவளுக்குக் கிடைத்தது மாட்டுங்கா. பாஸ்டில் போனால் குர்லாவில் இறங்கி ஸ்லோ பிடிக்க வேண்டும். பதினைந்து, பதினாறு வயதில், ஒருவரும் ஒன்றும் சொல்லித்தராமல், உலகிலேயே மிக நெரிசலான புறநகர் ரயில்களில் ஒன்றில் இந்தப் பிள்ளைகளை ஏற்றிவிடுகிறோம்.

இது ஒரு தாயின் வீண் பயம் இல்லை. 2015 நவம்பரில் எங்கள் ஊர் இளைஞர் ஒருவர், வயது 21, உள்ளே இடமில்லாமல் வாசலில் தொங்கிக்கொண்டு போய், கை நழுவி விழுந்து இறந்தார். கூடப் பயணித்தவரின் செல்போனில் பதிவான அந்தக் காட்சியை நகரமே பார்த்தது. 2019 டிசம்பரில் டோம்பிவிலியில் ஏறிய 22 வயதுப் பெண், அடுத்த நிலையமான கோபர் வருவதற்குள் விழுந்து இறந்தாள். 2025 ஜூன் 9, திங்கட்கிழமை காலை, மும்ப்ரா நிலையத்தருகே உள்ள வளைவில் எதிரெதிரே இரண்டு லோக்கல்கள் கடந்தபோது இரண்டின் வாசல்களிலும் நின்றவர்கள் கீழே விழுந்தார்கள். அன்றே நான்கு பேர் இறந்தார்கள். முதுகுப் பை உரசியதா, தண்டவாளத்தில் குறையா என்ற வாதம் பிறகு எழுந்தது. அந்த வளைவைத் தாண்டித்தான் எங்கள் பிள்ளைகள் தினமும் உங்களிடம் வருகிறார்கள்.

"பையன்கள் வேண்டுமென்றே தொங்குகிறார்கள், ஸ்டண்ட் காட்டுகிறார்கள்" என்று சொல்வது சுலபம். காட்டுகிறவர்களும் உண்டு. 2024-ல் சேவ்ரி நிலையத்தில் ஓடுகிற லோக்கலைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் காலைத் தேய்த்தபடி போன ஒரு இளைஞனின் வீடியோ பரவியது. ரயில்வே பாதுகாப்புப் படையினர் அவன் வீட்டைத் தேடிப் போனபோது, அதற்குள் மஸ்ஜித் நிலையத்தில் இன்னொரு ஸ்டண்டில் அவன் ஒரு கையையும் ஒரு காலையும் இழந்திருந்தது தெரிந்தது. அந்த மாதிரிப் பிள்ளைக்கும் யாராவது உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். ஆனால் காலை ஏழு மணிக்குக் கம்பியைப் பிடித்துத் தொங்குகிற எங்கள் பிள்ளைகளுக்கு வீடியோ எடுக்க ஆசையில்லை. ஆப்சென்ட் ஆகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி அந்தப் பிள்ளைகளின் உடம்பைப் பற்றி. 13 முதல் 18 வயது வரை தினம் 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். இந்த வயதில் உடம்பின் கடிகாரமே தள்ளிப்போகிறது. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கும், அதனால் பத்து மணிக்குப் படுத்தாலும் கண் மூடாது. சோம்பேறித்தனம் என்று நாம் திட்டுகிறோம். என் மகள் சாயங்காலம் கோச்சிங் கிளாஸ் முடித்து வீடு வந்து, சாப்பிட்டு, எழுதிவிட்டுப் படுக்கப் பதினொன்றரை ஆகிவிடும். காலை ஐந்துக்கு எழுந்தாக வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம், இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்று 2014-லேயே சொன்னது. கலிபோர்னியா அதைச் சட்டமாக்கி 2022-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் மகாராஷ்டிர அரசே 2024 பிப்ரவரியில், நான்காம் வகுப்பு வரை காலை ஒன்பதுக்கு முன் வகுப்பு கூடாது என்று உத்தரவிட்டது, குழந்தைகளின் தூக்கத்தை நினைத்துத்தான். பதினாறு வயதுப் பிள்ளையின் தூக்கத்தை யார் நினைப்பது?

சாப்பாடும் அப்படித்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பையன்களிலும் 31 சதவீதம். வெறும் வயிற்றோடு, ஐந்து மணி நேரத் தூக்கத்தோடு, ரத்தம் குறைந்த ஒரு பெண் கதவோர நெரிசலில் முக்கால் மணி நேரம் நிற்கிறாள். அவளுக்குத் தலை சுற்றினால் எந்தப் பக்கம் சாய்வாள் என்பது அவள் கையில் இல்லை.

இந்தப் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டிலை ஒருநாள் கையில் எடுத்துப் பாருங்கள். என் மகள் காலையில் ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு போவாள். இரவு பையைத் திறந்தால் கழுத்து வரை அப்படியே இருக்கும். ஏன் என்று கேட்டால், "குடிச்சா பாத்ரூம் போகணும்மா, எங்க போறது?" என்கிறாள். நிலையத்துக் கழிப்பறைக்குள் போக அருவருப்பு, கல்லூரியில் லெக்சருக்கு நடுவே வெளியே விட மாட்டார்கள். மாதவிலக்கு நாட்களில் இன்னும் மோசம், நாப்கின் மாற்ற இடமில்லாமல் மணிக்கணக்கில் அப்படியே இருக்கிறார்கள். தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொள்ளும் பழக்கம் சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடக்கூடும். அவள் தோழிகளில் எத்தனையோ பேருக்கு வந்துபோன தொந்தரவு இது. எங்கள் டாக்டரம்மா கேட்கிற முதல் கேள்வியே, "லோக்கல்ல போற பொண்ணா?" என்பதுதான்.

இதையெல்லாம் சொல்லத்தான் மகளின் கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன். பத்து நிமிடச் சலுகை கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எல்லாரும்தான் வர்றாங்க, ஒரு வண்டி முன்னாடி பிடிக்கச் சொல்லுங்க" என்றார். ஒரு வண்டி முன்னால் என்றால் இருக்கிற தூக்கமும் இன்னும் குறையும். சேர்க்கை நாளன்று அந்தக் கல்லூரி நடத்திய கூட்டத்திலும் உட்கார்ந்திருந்தேன். யூனிஃபார்ம், மொபைல், அடையாள அட்டை, ஃபீஸ் தவணை எல்லாம் பேசினார்கள். அரங்கில் பாதிப் பிள்ளைகள் கல்யாண், டோம்பிவிலி, திவா என்று தூரத்திலிருந்து வருகிறவர்கள். ரயில் என்ற சொல்லே அங்கே வரவில்லை.

நான் கேட்பது பெரிதில்லை. முதல் வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ரயில்வே பாதுகாப்புப் படையிலிருந்து ஒருவரை அழையுங்கள், அவர்களே வந்து பேசுவார்கள். பையை முதுகில் மாட்டாமல் முன்னால் மாட்டச் சொல்லுங்கள், முதுகில் தொங்கும் கனமான பை வாசலில் நிற்கிறவரை வெளியே இழுத்துவிடக்கூடும். மழைநாளில் ஃபுட்போர்டு வழுக்கும், ரப்பர் செருப்போடு ஏற வேண்டாம் என்று சொல்லுங்கள். காதில் இயர்போனோடு தண்டவாளத்தைக் கடப்பது, நகர ஆரம்பித்த வண்டியில் தாவுவது, இவற்றால் என்ன ஆகிறது என்பதை மறைக்காமல் காட்டுங்கள். மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட் இருக்கிறது, தொடவே வேண்டாம், நெருங்கினாலே இழுத்து எரித்துவிடும் என்பது செல்ஃபிக்காக வேகன் மேல் ஏறுகிற பையனுக்குத் தெரிய வேண்டும். கூட்டத்தில் யாராவது தப்பாகத் தொட்டால் சத்தம் போடலாம், ரயில்வே உதவி எண்களான 139-க்கும் 1512-க்கும் பேசலாம், 18 வயதுக்குள் என்றால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது என்று பெண்களுக்கும் பையன்களுக்கும் சொல்லுங்கள். பையன்களுக்கும் இது நடக்கிறது, அவர்கள் வீட்டில்கூடச் சொல்வதில்லை.

மும்ப்ரா விபத்துக்குப் பிறகு, மும்பையின் புதிய லோக்கல்களில் தானாக மூடும் கதவு வரும், ஓடுகிற வண்டிகளிலும் பொருத்தப்படும் என்று ரயில்வே அறிவித்தது. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையின் பொறியாளர்களோடு ரயில்வே அமைச்சரே உட்கார்ந்து பேசினார். எல்லா வண்டியிலும் கதவு வரும்வரை பிள்ளைகள் காத்திருக்க முடியாது. நெரிசலைக் குறைக்க மத்திய ரயில்வே 2023 நவம்பரில் தன் மும்பைக் கோட்ட அலுவலகத்தின் வேலை நேரத்தையே இரண்டாகப் பிரித்தது, மற்ற அலுவலகங்களையும் நேரம் மாற்றச் சொல்லிக் கடிதம் எழுதியது. அலுவலகத்தால் முடிகிற காரியம் கல்லூரியாலும் முடியும்.

முதல் லெக்சரை ஒன்பதுக்குத் தள்ளுங்கள். முடியாவிட்டால், ரயில் பாஸ் காட்டுகிற பிள்ளைக்குக் கேட்டை அரை மணி நேரம் திறந்து வையுங்கள். லெக்சர் நடுவிலும் கழிப்பறைக்கு விடுங்கள், குடிக்க நல்ல தண்ணீர் வையுங்கள். அடுத்த சேர்க்கைக்கு முன் உங்கள் முடிவை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். வாசலில் தொங்க வேண்டிய வண்டியை விட்டுவிட்டு அடுத்ததில் வா, ஆப்சென்ட் விழுந்தால் விழட்டும் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். டோம்பிவிலியின் மற்ற பெற்றோரும் அப்படியே சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்,
டோம்பிவிலி கிழக்கு