கல்யாண டிவிடி ஓடலையா? அந்தத் திருகைத் தொடாதீங்க!

ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் 2000-களில் கல்யாணமோ காதணி விழாவோ நடந்த வீடுகளில், மொய் நோட்டோடு பீரோவில் ஒரு டிவிடியும் இருக்கும். நோட்டை இன்றும் படிக்கலாம். டிவிடியைப் போட்டால் 'நோ டிஸ்க்'! மறைந்துபோன அப்பத்தாவின் சிரிப்பு அதில்தான் இருக்கிறது. அதே பிளேயரில் கடையில் வாங்கிய சினிமா டிவிடி ஜம்மென்று ஓடும்.

ஏன்? சினிமா டிவிடி ஆலையில் அச்சில் வார்த்தது. ஸ்டுடியோவில் 'ரைட்' செய்து தந்ததில் உள்ளே ஒரு சாயப்பூச்சு இருக்கும். அதை லேசரால் சுட்டுத்தான் படத்தைப் பதிகிறார்கள். இது ஒளியைக் கொஞ்சம் குறைவாகத் திருப்பி அனுப்பும். லென்ஸில் தூசி படிந்தாலும், லேசர் பழசாகி மங்கினாலும் முதலில் மக்கர் செய்வது இதுதான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் லென்ஸை அழுத்தாமல் துடையுங்கள். டிஸ்க்கை நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் கீறல்தான் மிச்சம். பல பிளேயர்கள் இதற்கே வழிக்கு வந்துவிடும்.

லென்ஸ் பகுதியில் குட்டியாக ஒரு திருகு தெரியும். அதைத் திருப்பி லேசரின் வலுவைக் கூட்டினால் டிஸ்க் ஓடலாம். கொஞ்சம் கூடிப்போனால் லேசரே எரிந்துவிடும். ஊர் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

அதற்கு முன், கம்ப்யூட்டரின் டிவிடி டிரைவில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பிளேயர் கைவிட்ட டிஸ்க்கை அது படித்துவிடுவதும் உண்டு. எதில் ஓடினாலும் அன்றைக்கே பென் டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள். வெயிலிலும் சூட்டிலும் அந்தச் சாயம் மங்கிக்கொண்டே வரும்.