மணி பிளான்ட் இருந்தாலும் தண்ணீர் மாற்றத்தான் வேண்டும்

மீன் தொட்டி ஓரத்தில் மணி பிளான்ட்டைச் சொருகி, வேரைத் தண்ணீரில் விட்டால் பிறகு தண்ணீரே மாற்ற வேண்டாம் என்கிறார்கள். இதில் பாதி உண்மை. மீன் கழிவிலிருந்து கடைசியில் உண்டாகும் நைட்ரேட் செடிக்கு உரம். இலைகள் காற்றில் இருப்பதால் நீர்ச்செடிகளுக்கு வரும் கரியமில வாயுத் தட்டுப்பாடு இதற்கு இல்லை. வேகமாக வளர்ந்து நைட்ரேட்டையும் வேகமாக இழுக்கும். மற்ற வேலைகளையும் அதன் தலையில் கட்டுவதுதான் தவறு.

'குறைகிற தண்ணீரை ஊற்றினால் போதும்.'

போதாது. ஆவியாவது தண்ணீர் மட்டுமே; உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். இலை வழியாகச் செடியும் நீரை வெளியேற்றுவதால் மட்டம் இன்னும் சீக்கிரம் இறங்கும். 50 லிட்டர் தொட்டி, லிட்டருக்கு 800 மில்லிகிராம் உப்புள்ள போர் தண்ணீர், வாரம் 5 லிட்டர் இழப்பு என்று வைத்துக்கொள்வோம். அதே போர் தண்ணீரை ஊற்றி ஈடுகட்டினால் வாரம் 4,000 மில்லிகிராம் உப்பு சேரும். பத்தே வாரத்தில் உப்பின் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். சோடியம், குளோரைடு போன்றவற்றைச் செடி பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

'மீனுக்கு ஆக்சிஜன் கிடைக்கும்.'

கிடைக்காது. இலை வெளியிடும் ஆக்சிஜன் அறைக் காற்றில் கலக்கிறது. நீருக்குள் இருக்கும் வேரோ சுவாசிக்க ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. தண்ணீருக்குள் ஆக்சிஜன் விடுவது வேலம்பாசி போல நீரில் மூழ்கி வளரும் செடிகள். அவையும் வெளிச்சம் இருக்கும்வரைதான். ஏர் பம்ப் ஓடட்டும்.

'ஃபில்டர் தேவையில்லை.'

மீனை உடனே கொல்வது நைட்ரேட் அல்ல, அமோனியாவும் நைட்ரைட்டும்தான். அவற்றை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் குடியேறப் பல வாரங்கள் ஆகும். செடியும் அமோனியாவை எடுக்கும், உண்மைதான். ஆனால் புதிதாக வெட்டிய தண்டில் முதலில் வேரே இருக்காது. வெளிச்சமில்லாத வரவேற்பறை மூலையில் வளர்ச்சியும் மந்தம். செடியை நம்பிப் புதுத் தொட்டியில் மீன்களை நிரப்பினால் மீன்தான் பலி.

'ஃபைட்டர் மீன் வேரைத் தின்றே வாழும்.'

பூச்சிகளையும் கொசுப்புழுக்களையும் தின்னும் மீன் அது. வேரைக் கொறித்துப் பசியாறாது. நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கும் பழக்கமும் அதற்கு உண்டு. குறுகிய ஜாடியின் வாயைச் செடியால் அடைத்தால் அந்த வழியும் அடைபடும்.

செடி வைக்க விரும்புவோர் தாராளமாக வைக்கலாம். மண்ணில் வளர்ந்த செடியானால் வேரை நன்றாக அலசி, உர மிச்சம் போனபின் தண்ணீரில் விடுங்கள். இலை வெளியே நிற்கட்டும். அழுகிய வேரை அவ்வப்போது கிள்ளி எடுங்கள். நைட்ரேட் ஏறுவது மட்டுப்படும், பாசியும் கொஞ்சம் குறையலாம். தண்ணீர் மாற்றும் வாளியை மட்டும் பரணில் ஏற்றிவிட வேண்டாம்.