ஆறுதல் வேண்டாம், அச்சாரம் கொடுங்கள்

“மனசு வெச்சா போதும்ண்ணே, பழையபடி வாசிச்சிடலாம்” என்று என்னிடம் சொல்லாத ஆள் காரைக்காலில் குறைவு. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் நாயனம் மனசால் மட்டும் வாசிக்கிற வாத்தியம் இல்லை. உதடு வேண்டும், தம் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், வா என்று கூப்பிட ஒரு வீடு வேண்டும்.

2020 பங்குனியில் ஊரடங்கு வந்தது. சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் கையைவிட்டுப் போயின. எங்களுக்கு அதுதான் அறுவடைக் காலம். தவில்காரர் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போனார். நான் டைல்ஸ் கடையில் லோடு இறக்கினேன். நாயனம் பரணுக்குப் போயிற்று. ஊரடங்கு முடிந்த பிறகும் அது இறங்கவில்லை.

இறக்க வைத்தவர் கிளிஞ்சல்மேட்டு அம்மா ஒருவர். பேரனுக்குக் காதுகுத்து. வெற்றிலை பாக்கில் பணத்தை வைத்து நீட்டி, “நாள் குறிச்சாச்சு தம்பி, வந்துடு” என்றார். நாயனத்தில் வாய்வைத்து ஊதுகிற பழைய சீவாளிகள் எல்லாம் வெடித்துக் கிடந்தன. திருவாவடுதுறைக்குப் போய்ப் புதிது வாங்கி வந்தேன். புதுச் சீவாளி உதட்டுக்கு லேசில் வழிக்கு வராது. அக்கம்பக்கத்தார் தூக்கம் கெடவேண்டாமென்று விடிகாலையில் அரசலாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் போய் சாதகம் செய்தேன். கீழ் ஷட்ஜத்தில் நின்றாலே கன்னம் நடுங்கியது. மேல் ஸ்தாயிக்குப் போனால் வெறும் காற்று வந்தது. நாள் குறிக்காமல் இருந்திருந்தால் மறுநாளே கடைக்குத் திரும்பியிருப்பேன்.

பெரிய கலைஞர்களுக்கும் கதை இதுதான். பரதக் கலைஞர் பாலசரஸ்வதியின் புகழைப் பேசுகிறவர்கள், 1940-களில் அவர் ஆட்டம் ஏறக்குறைய நின்றுபோனதைப் பேசுவதில்லை. நட்டுவனார் கந்தப்பா அல்மோராவில் உதயசங்கர் நடத்திய கலைமையத்துக்குப் போனார், 1941-இல் காலமானார். பாலாவுக்கு உடம்பும் படுத்தியது. 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன் நோக்கத்தில் எனக்குக் குறையில்லை. ஆனால் பரம்பரையாக ஆடிய வீட்டுப் பெண்ணுக்கு மேடை சுருங்கிப்போனது. அறிஞர் வே. ராகவன் போன்றவர்கள் முன்னின்று அவரை மறுபடி ஆட அழைத்தார்கள். 1953-இல் மியூசிக் அகாடமியில் அவர் கற்றுக்கொடுக்க நடனப் பள்ளி தொடங்கினார்கள். 1955-இல் சங்கீத நாடக அகாடமி விருது, 1973-இல் சங்கீத கலாநிதி. இடையில் வற்றிப்போனது வித்தை அல்ல, அழைப்புதான்.

கூப்பிட்டால் எல்லாரும் ஜெயித்துவிடுவார்கள் என்று சொல்லவரவில்லை. பக்கத்து மாயவரத்தில் பிறந்த பாடக நடிகர் தியாகராஜ பாகவதர் 1947-இல் சிறையிலிருந்து விடுதலையாகி வந்தார். குரல் இருந்தது, படங்கள் ஓடவில்லை. அவரோடு வெளியே வந்த நகைச்சுவை நடிகர் என்.எஸ்.கே.யைச் சனங்கள் விடவேயில்லை.

சனங்கள் எதைக் கொண்டாடுகிறார்கள் என்பதற்கு எங்கள் ஊர் காரைக்கால் அம்மையாரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனியில் மாங்கனித் திருவிழா, மாப்பிள்ளை அழைப்பு, திருக்கல்யாணம். அம்மையாரின் கணவர் பரமதத்தர் மாங்கனி கண்டு மிரண்டு கப்பலேறிவிடுவார், கல்யாணம் நிலைக்காது என்று தெரிந்துதான் வருஷா வருஷம் கெட்டிமேளம் கொட்டுகிறோம். பிட்சாடனர் ஊர்வலத்தில் மாடியிலிருந்து பழம் வீசுகிற கூட்டத்துக்கு அவர் மாங்கனி அம்மையார். வாத்தியக்காரனுக்கு அவர் பண் பாடியவர். புருஷன் கைவிட்ட பிறகு பாடிய திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்களில் ஒன்று நட்டபாடை, மற்றது இந்தளம். ஒரு பாட்டில் சுரங்களின் பழம்பெயர்களும் பத்துக்கு மேற்பட்ட வாத்தியங்களும் வரிசையாக வரும். நாயனம் மட்டும் இல்லை. அதில் எங்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இன்றைக்கு நடப்பது என்ன? கேரளத்திலிருந்து செண்டை மேளம் வரவழைக்க யோசிக்காத வீடு, நாயனக்காரரிடம் “அரை நாள்தானே, பார்த்துச் சொல்லுங்க” என்கிறது. பல கோயில்களில் தீபாராதனைக்கு சுவிட்சைத் தட்டினால் முரசும் மணியும் தானாக அடித்துக்கொள்கின்றன. அந்த இயந்திரத்துக்கு மல்லாரி தெரியாது, சம்பளமும் வேண்டாம். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். ஆச்சா மரத்தைக் கடைந்து ஆசாரி செய்து வைப்பதை வாங்குகிறவனுக்கு வாசிக்க இடம் வேண்டாமா?

புதுச்சேரி அரசு காரைக்கால் கோயில்களில் நாயனத்துக்கும் தவிலுக்கும் ஆள் நியமித்து மாதச் சம்பளம் கொடுக்கட்டும். நிவாரணத் தொகையைவிட அதுதான் எங்களை வாத்தியத்தோடு கட்டிவைக்கும். வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆடி கழிந்தால் ஆவணி முகூர்த்தம். மண்டபத்துக்கு முன்பணம் கட்டுகிற அன்றைக்கே உள்ளூர் நாயனக்காரர் வீட்டுக்கும் தாம்பூலத்தோடு ஒரு நடை போய்வாருங்கள்.