ஐந்து மணிக் கேட்

சென்னை சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் ஏறக்குறைய 42 கிலோமீட்டர். மின்சார ரயிலில் ஏறினால் வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர் என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்க்கொண்டே இருக்கும். மாரத்தான் எவ்வளவு தூரம் என்று கேட்கும் மாணவிகளுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். 42.195 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் அது. 1921-இல் அதையே உலகம் முழுமைக்கும் நிலையான அளவாக்கினார்கள்.

அந்தத் தூரத்தை முதல்முறை ஓடியபோது எனக்கு வயது 20. கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே, கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாமாண்டு. சொந்த ஊர் அறந்தாங்கிப் பக்கம். எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்து ஓட்ட வீராங்கனை சூர்யா, 2016 குவாஹாட்டி தெற்காசிய விளையாட்டில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற செய்தியைப் பள்ளிப் பருவத்தில் படித்தவள் நான். நம் மண்ணுப் பெண்ணால் இத்தனை தூரம் ஓட முடியும் என்பது அன்றே மனதில் விழுந்துவிட்டது. ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தேன். கையில் இருந்தது 18 வாரம்.

கால் தயாராக இருந்தது. கேட்தான் திறக்கவில்லை. மாணவர் விடுதியின் கேட் நாலரைக்குத் திறக்கும். பையன்கள் மைதானத்துக்குப் போய்விடுவார்கள். எங்கள் கேட் ஆறேகாலுக்கு. எட்டரைக்கு வகுப்பு. வாரநாளில் ஐந்தாறு கிலோமீட்டருக்கு அது போதும். ஞாயிற்றுக்கிழமை நெடுந்தூர ஓட்டத்துக்குப் போதவே போதாது. முப்பது கிலோமீட்டர் ஓட என் வேகத்துக்கு மூன்றே முக்கால் மணி நேரம் வேண்டும். ஆறேகாலுக்குத் தொடங்கினால் பத்து மணி வெயிலில் முடிப்பேன். புரட்டாசி வெயில் அது. கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே நிற்கும், உடம்பின் சூடு தணியாது. இரண்டு வாரம் அப்படி ஓடி, மூன்றாவது வாரம் தலைசுற்றி வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

வார்டனிடம் எழுதிக் கொடுத்தேன். “உனக்கு ஏதாவது ஒண்ணுன்னா உங்க வீட்டுக்கு யாரும்மா பதில் சொல்றது?” என்றார். அவர் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். பொறுப்பு அவர் தலையில் இருந்தது.

விடுதி மாடியிலிருந்து பார்த்தால் நெடுஞ்சாலை தெரியும். விடியுமுன்பே கம்பெனிப் பேருந்துகள் வந்து நிற்கும். சிப்காட் தொழிற்பேட்டையில் முதல் ஷிப்ட். கழுத்தில் அடையாள அட்டையும் தோளில் சாப்பாட்டுப் பையுமாக என் வயதுப் பெண்கள் விளக்குக் கம்பத்தடியில் நின்று ஏறிப் போவார்கள். ஊரைவிட்டு வந்து அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள்தான் அவர்களில் பலர். டீக்கடையில் பழக்கமான ஒரு பெண்ணிடம் மாரத்தான் பற்றிச் சொன்னேன். “ஓடி முடிச்சா பணம் குடுப்பாங்களாக்கா?” என்று கேட்டாள். நாமதான் கட்டணம் கட்டி ஓடணும் என்றதும், “அப்ப உனக்காகவே ஓடுறியா?” என்றாள்.

அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. சம்பளத்துக்காக ஒரு பெண் இருட்டில் வெளியே வந்தால் அதை நியாயமென்று ஊர் ஏற்றுக்கொள்கிறது. அவளுக்குப் பேருந்துகூட அனுப்புகிறது. அதே பெண் தன் உடம்புக்காக, தன் சந்தோஷத்துக்காக அதே நேரத்தில் வெளியே வந்தால் மட்டும் பாதுகாப்பு என்ற பேச்சு எழுகிறது.

உலகமும் இப்படித்தான் இருந்தது. ஆண்களுக்கான ஒலிம்பிக் மாரத்தான் 1896-லேயே வந்துவிட்டது. 1967-இல் பாஸ்டனில் கேத்ரின் சுவிட்சர், முழுப்பெயர் தராமல் முதலெழுத்துகளோடு பதிவு செய்து ஓடியபோது, அவர் எண் அட்டையைப் பிய்த்தெடுக்க அதிகாரி ஒருவரே பாய்ந்து வந்தார். அந்தப் போட்டி 1972-இல்தான் பெண்களை முறையாகச் சேர்த்துக்கொண்டது. ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் ஓட 1984 லாஸ் ஏஞ்சலிஸ் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் பி.டி. உஷா நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தைத் தவறவிட்ட அதே ஒலிம்பிக். ஆண்கள் மாரத்தானுக்கும் பெண்கள் மாரத்தானுக்கும் இடையில் கழிந்தவை 88 ஆண்டுகள்.

எங்கள் கேட்டைத் திறந்தவர் கல்லூரி உடற்கல்வி ஆசிரியை, பி.டி. மேடம். “அவங்க வீட்டுக்கு நான் பதில் சொல்றேன்” என்று வார்டனிடம் போய் நின்றார். ஐந்து மணிக்குக் கேட், இரண்டு பேராவது சேர்ந்து போக வேண்டும், பதிவேட்டில் கையெழுத்து, வளாகத்துக்குள் மட்டும். நான்கும் நல்ல விதிகள் என்று இன்றும் சொல்வேன். நெடுஞ்சாலையில் லாரிகள். சிப்காட் பக்கம் போனால் இரும்பாலைப் புகை. மார்கழிப் பனியில் அது மேலெழாமல் தாழவே கிடக்கும். ஓடும்போது சாதாரணமாக மூச்சுவிடுவதைப்போல் பல மடங்கு காற்றை இழுக்கிறோம். வளாகச் சுற்று 1.2 கிலோமீட்டர். முப்பது கிலோமீட்டருக்கு 25 சுற்று. வாட்ச்மேன் அண்ணன் ஒவ்வொரு சுற்றுக்கும் பலகையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைப்பார்.

மேடம் முதலில் அனுப்பியது ரத்தப் பரிசோதனைக்கு. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எனக்கும் இருந்தது. 12 இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 10.4. மருத்துவர் தந்த இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிட்டேன். மெஸ்ஸில் கீரையையும் எலுமிச்சையையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இரண்டு மாதத்தில் மூச்சு வாங்குவது குறைந்தது.

போட்டியன்று விடியுமுன் நேப்பியர் பாலத்தருகே இருக்க வேண்டும். முதல் ரயிலைப் பிடித்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்பதால் முதல்நாளே திருவொற்றியூர் அத்தை வீட்டுக்குப் போய்விட்டேன். இரவில் தயிர்சாதம், கிளம்பும்போது இரண்டு வாழைப்பழம். இருட்டில் இடப்பக்கம் கடலின் சத்தம் மட்டும் கேட்க ஓடத் தொடங்கினோம்.

முப்பது கிலோமீட்டர் வரை பழகிய உடம்பு போனது. அதற்குப் பிறகுதான் மாரத்தான். உடம்பு சேர்த்து வைக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 2,000 கலோரி. கிலோமீட்டருக்கு நம் எடையளவு கலோரி செலவாகும் என்பது பொதுக்கணக்கு. 55 கிலோ எடைக்கு மொத்தத் தேவை 2,300 கலோரிக்கு மேல். கையிருப்பு கரைந்ததும் கால் கல்லாகிவிடும். 33-ஆம் கிலோமீட்டரில் எனக்கு அது நடந்தது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பு குறையும் என்று மேடம் சொல்லியிருந்தார். ஓ.ஆர்.எஸ். குடித்தேன், வாழைப்பழம் தின்றேன், கொஞ்சம் நடந்தேன், கொஞ்சம் ஓடினேன். மிச்சம் எட்டுச் சுற்றுதான் என்று வாட்ச்மேன் அண்ணன் பலகையை நினைத்துக்கொண்டேன். 5 மணி 24 நிமிடத்தில் முடித்தேன். அம்மாவுக்குப் போன் செய்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. “சாப்பிட்டியா தங்கம்?” என்றாள் அவள்.

மூன்று பேருடன் தொடங்கிய அந்தப் பதிவேட்டில், நான் படிப்பை முடித்து வந்தபோது பதினொரு பேரின் கையெழுத்து இருந்தது. எல்லோரும் மாரத்தானுக்காக வந்தவர்கள் இல்லை. சிலர் நடக்க வந்தார்கள். சிலர் காவலர் தேர்வுக்கு ஓட வந்தார்கள். இருவர் விடியலைப் பார்க்கவே வந்தார்கள்.

மகளைக் கல்லூரியில் சேர்க்கும் பெற்றோர் மெஸ் எப்படி, பஸ் உண்டா, வேலை கிடைக்குமா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். இந்த வருடம் இன்னொன்றையும் கேளுங்கள்: பெண்கள் விடுதிக் கேட் காலையில் எத்தனை மணிக்குத் திறக்கும்? பையன்கள் விடுதிக் கேட் எத்தனை மணிக்கு? இரண்டுக்கும் ஒரே பதில் வரும்வரை கேளுங்கள்.